டோக்கியோவில் பார்ட் டைம் இங்கிலீஷ் டீச்சர்: நாலு வருஷ அனுபவம்

கணவர் வேலைக்காக டோக்கியோ வந்து நிஷிகசாயில் குடியேறினோம். பையன் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் பகலில் பொழுதே போகவில்லை. டிபென்டென்ட் விசாக்காரர்கள் குடிவரவு அலுவலகத்தில் தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம், கட்டணம் கிடையாது, ரெசிடென்ஸ் கார்டின் பின்பக்கத்தில் குறித்துத் தருவார்கள். அதை வாங்கிக்கொண்டு ஒரு எய்க்கைவாவில் சேர்ந்தேன். எய்க்கைவா என்றால் இங்கிலீஷ் உரையாடல். பெரிய ஸ்டேஷன் பக்கம் போனால் இந்தப் பலகை மாட்டிய டியூஷன் சென்டர் ஒன்றாவது கண்ணில் படும்.

எல்லோரும் முதலில் கேட்பது சம்பளம். 50 நிமிட வகுப்புக்கு 2,000 யென். கேட்கும்போது இனிக்கும். ஆனால் வகுப்பு நடக்கிற நேரத்துக்குத்தான் காசு. இருபது நிமிடம் முன்னால் போய் அட்டைகளை எடுத்து வைப்பது, நடுவில் பத்து நிமிட இடைவெளி, முடிந்ததும் ஒவ்வொரு மாணவருக்கும் குறிப்பு எழுதுவது எல்லாம் தர்ம சேவை. ரயிலில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது. இரண்டே வகுப்பு இருக்கிற நாளில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து திறக்கும் வரை கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆகிவிடும், கையில் வருவது 4,000 யென். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் நின்றிருந்தால் இதைவிடக் கூடவே கிடைக்கும். கோல்டன் வீக், ஆகஸ்ட் ஒபோன், புத்தாண்டு என்று விடுமுறை விட்டு மூடினால் அந்த வாரம் சுத்தமாக ஒன்றுமில்லை. அதனால் இன்டர்வியூவில் மணிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரே நாளில் தொடர்ச்சியாக எத்தனை வகுப்பு தருவீர்கள் என்று கேளுங்கள். நான் இதைக் கேட்க ஒன்றரை வருஷம் ஆனது.

இன்னொன்று, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் முதலில் போன ஓர் இடத்தில் 'க்யோமு இதாக்கு' என்ற தாளை நீட்டினார்கள். அதில் கையெழுத்திட்டால் நீங்கள் ஊழியர் கிடையாது, வேலையைக் குத்தகைக்கு எடுத்தவர். நம் 28 மணி நேர அனுமதி, நேரம் கணக்கு வைக்கக்கூடிய சம்பள வேலைக்கானது. குத்தகை வேலைக்குப் பெரும்பாலும் தனியாக இன்னோர் அனுமதி கேட்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தப்பித்தேன். அப்புறம், வருஷ வருமானம் 13 லட்சம் யென்னைத் தொட்டால் கணவரின் மருத்துவக் காப்பீட்டிலிருந்து வெளியே வரவேண்டியிருக்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பதா, ஒரேயடியாகத் தாண்டுவதா என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

விளம்பரங்களில் பாதி 'நேட்டிவ்', அதாவது இங்கிலீஷே தாய்மொழியானவர்தான் வேண்டும் என்று சொல்லும். இந்தியப் பெயரைப் பார்த்ததும் பதிலே போடாத இடங்கள் உண்டு. சேர்ந்த பிறகும் ஒரு அம்மா என் உச்சரிப்பைப் பற்றி மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உச்சரிப்பு சொல்லித்தரும்போது தமிழ் எனக்குக் கைகொடுத்தது. ஸ்கூலை நம்மூரில் சிலர் இஸ்கூல் என்பார்கள், ஜப்பானியர்கள் சுக்கூரு என்பார்கள். நாம் முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்க்கிறோம், இவர்கள் நடுவிலும் கடைசியிலும். ல, ர இரண்டும் இவர்கள் காதுக்கு ஒன்றுதான். வாழைப்பழத்தை வாயப்பயம் என்கிற மாமா ஒருவர் எனக்கு உண்டு, அவரை நினைத்துக்கொண்டால் பொறுமை தானாக வந்துவிடும்.

குழந்தைகள் வகுப்பு உடம்பை வாங்கும். 2020-இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் மதிப்பெண் போடுகிற பாடமானதிலிருந்து அம்மாக்கள் இன்னும் சின்ன வயதிலேயே கொண்டுவந்து விடுகிறார்கள். எப்போதும் குதித்துக்கொண்டே இருக்கவேண்டும், 'கெங்கி', அதாவது உற்சாகம், இல்லாத டீச்சரை யாருக்கும் பிடிக்காது.

பெரியவர்கள் வகுப்பு நேர் எதிர். கேள்வி கேட்டால் மௌனம். ஆரம்பத்தில் அந்த மௌனம் தாங்காமல் நானே பதிலையும் சொல்லிவிடுவேன், ஐம்பது நிமிடத்தில் நாற்பது நிமிடம் என் குரல்தான். மேனேஜர் ஒருநாள் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள் என்றார். எண்ணினேன். எட்டு, ஒன்பதில் வாய் திறக்கிறார்கள்! தப்பாகப் பேசிவிடுவோமோ என்று வாக்கியத்தை முழுசாக மனசில் கட்டி முடித்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள், அதற்கு நேரம் கொடுக்கத்தான் எனக்குச் சம்பளம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது சனிக்கிழமை மட்டும் போகிறேன், தொடர்ச்சியாக ஐந்து வகுப்பு. கடைசி வகுப்பில் எழுபது வயது தாண்டிய ஒருவர். வாரக் கதையை நோட்டில் எழுதிவந்து அப்படியே வாசிப்பார். போன மாதம் நோட்டை மறந்துவிட்டார். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். "மனைவி. குடை. ரயில்," என்றார் இங்கிலீஷில், மூன்றே வார்த்தை. குடையை ரயிலில் விட்டுவிட்டாரா என்றேன். பலமாகத் தலையாட்டினார். போன சனிக்கிழமை நோட்டைத் திறக்காமலே சொன்னார், குடை கிடைத்துவிட்டதாம்.