பொம்பெய் வீதிகளில் உரோமானியரின் ஓராண்டு: ஒரு வழிகாட்டி நடைப்பயணத்தின் மதிப்பீடு

இத்தாலியிலுள்ள பொம்பெய் நகரைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டிகளில் பலர் அந்த நகரம் அழிந்ததைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்த கதை, சாம்பலுக்குள் கிடைத்த உடல்களின் வார்ப்புகள், பிறகு வெளியேறும் வாயில் என்று இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அண்மையில் நான் சேர்ந்த அரைநாள் நடைப்பயணம் அழிவை விட்டுவிட்டு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறது. உரோமானியர் ஆண்டு முழுவதும் கொண்டாடிய திருவிழாக்களும் அன்றாடம் செய்த வழிபாடுகளும் நடந்த அடுப்படி, தெருமுனை, மாவாலை, கல்லறை ஆகிய இடங்களிலேயே நம்மை நிறுத்தி விளக்குகிறார்கள். குழு சிறியது, வழிகாட்டி தொல்லியல் படித்தவர். கடைசி ஒரு மணி நேரத்தைத் தவிர, நான் இதுவரை கண்டவற்றில் இதைவிடச் சிறந்த பயணம் இல்லை.

பல்லாண்டுப் புனரமைப்புக்குப் பின் 2023 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்ட, செல்வந்தர் மாளிகையான வெத்தி வீட்டில் பயணம் தொடங்குகிறது. அங்கே வரும் கூட்டம் முழுவதும் ஓவியக் கூடங்களை நோக்கிச் செல்ல, எங்கள் வழிகாட்டி பணியாட்கள் புழங்கிய சிறு முற்றத்திற்கு அழைத்துச் சென்றார். அதன் சுவரில், இரு தூண்களும் முக்கோண முகப்பும் கொண்ட சிறு கோயிலைப் போல அமைந்திருக்கிறது வீட்டுக் காவல் தெய்வங்களின் மாடமான லராரியம். நடுவில் தலையில் ஆடையைப் போர்த்தி, கையில் தூபப் பெட்டியுடன் நிற்பது குடும்பத் தலைவருடைய காவல் சக்தியின் உருவம். இருபுறமும் நடனமாடும் லாரெஸ் தெய்வங்கள், கொம்பு வடிவக் கிண்ணங்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். கீழே ஒரு பெரிய பாம்பு, படையல் வைத்த சிறு பீடத்தை நோக்கி நெளிந்து செல்கிறது. பக்கத்திலேயே சமையலறை, அடுப்பு மேடையின் மீது சமையல் பாத்திரங்கள்.

மாதத்தின் முதல் நாளிலும், நோனெஸ் (5 அல்லது 7ஆம் நாள்), ஐடெஸ் (13 அல்லது 15ஆம் நாள்) எனப்பட்ட நாட்களிலும், மற்றத் திருநாட்களிலும் அடுப்புக்கு மாலை சூட்ட வேண்டும் என்று பண்ணை வீட்டு மேற்பார்வைப் பெண்ணுக்கு உரோமானிய எழுத்தாளர் கேட்டோ எழுதிவைத்த விதியை வழிகாட்டி அந்த இடத்தில் வைத்தே சொன்னார். பிறகு பெரிய கூடத்திற்குக் கூட்டிச் சென்று, சுவரின் நடுவரியில் மாலை கட்டி விற்கும் குட்டித் தேவதைகளைக் காட்டினார். அத்தனை மாலைகளும் எங்கே போயின என்பது அப்போது விளங்கியது. இப்படி ஒன்றோடொன்றை இணைத்துக் காட்டுவதுதான் இந்தச் சேவையின் பெரும் பலம்.

எகிப்தியத் தெய்வமான ஐசிஸின் கோயிலில் சிறிது நேரமே நின்றோம். கி.பி. 62ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த அந்தக் கோயிலை மீண்டும் கட்டியவர் ஆறு வயதுச் சிறுவன் நுமேரியுஸ் போப்பிதியுஸ் கெல்சினுஸ் என்று கல்வெட்டு கூறுகிறது. விடுதலை பெற்ற அடிமையான தந்தையால் நகர மன்றத்தில் அமர முடியாது என்பதால், மகனின் பெயரில் திருப்பணி செய்து, அவனுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மார்ச் 5ஆம் நாள் கடற்பயணக் காலத்தைத் தொடங்கிவைக்க ஐசிஸின் கப்பல் விழா நடந்ததையும் குறிப்பிட்டார்கள். கோயிலின் ஓவியங்கள் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பதால், அங்கேயும் ஒரு முறை சென்றுவருவது நல்லது.

பயணத்தின் உச்சம், அபொந்தான்சா தெருவிலுள்ள ‘கற்புடைய காதலர்’ வீடும் அதைச் சேர்ந்த ரொட்டிக் கடையும்தான். 2024 மே மாதம் முதல் மேலே அமைத்த நடைபாதையில் நின்று இதைப் பார்க்க முடிகிறது. எரிமலைக் கல்லால் ஆன மாவாலைகளும் பெரிய அடுப்பும் அப்படியே இருக்கின்றன. ஆலையைச் சுற்றிய விலங்குகளின் எலும்புக்கூடுகளும் இங்கே கிடைத்தன. ஜூன் 9ஆம் நாள் அடுப்பின் தெய்வமான வெஸ்டாவின் விழாவில் ரொட்டி செய்வோர் ஆலையை நிறுத்தி, கழுதைகளின் கழுத்தில் ரொட்டிகளைக் கோத்துத் தொங்கவிட்டு, ஆலைக் கற்களுக்குப் பூமாலை சூட்டினார்கள் என்று உரோமானியக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். அந்தக் கரடுமுரடான கற்களைப் பார்த்துக்கொண்டே இதைக் கேட்கும்போது, ஓய்வு என்பது அந்த உயிர்களுக்கு எவ்வளவு அரிதாக இருந்திருக்கும் என்பது உறைக்கிறது.

வழிகாட்டியை நான் மிகவும் மதித்ததும் இந்த இடத்தில்தான். டிசம்பர் 17இல் தொடங்கும், சத்துர்னுஸ் கடவுளின் விழாவான சத்துர்னாலியாவில் அடிமைகளும் எசமானர்களும் ஒன்றாக உண்டு, மெழுகுத்திரிகளையும் சிறு மண் பொம்மைகளையும் பரிசளித்துக்கொண்டதை இனிமையாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், நகரின் ஒன்பதாம் பகுதியில் கண்டெடுக்கப்பட்டு 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ரொட்டி ஆலையின் படங்களைக் காட்டினார். வெளியுலகைப் பார்க்க வழியின்றி, இரும்புக் கம்பியிட்ட சிறு சன்னல்கள். விலங்குகள் தடம் மாறாமல் சுற்ற, தரையில் செதுக்கிய பள்ளங்கள். அடிமைகளும் கழுதைகளும் சேர்ந்து உழைத்த அந்த அறையை மறந்துவிட்டு உரோமானியத் திருவிழாவைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது என்றே நானும் நம்புகிறேன்.

அதே தெருவில் வெத்துத்தியுஸ் பிளாசிதுஸின் உணவுக் கடை வருகிறது. பண்டங்கள் வைக்கும் சாடிகள் பதித்த மேடையும், பின்சுவரில் லாரெஸ் தெய்வங்களோடு வணிகத்தின் கடவுள் மெர்க்குரியும் மதுவின் கடவுள் பாக்கஸும் இடம்பெற்ற மாடமும் உள்ளன. சாடி ஒன்றில் ஏறக்குறைய 3 கிலோ நாணயங்கள் கிடைத்தனவாம். தெருச்சந்திப் பீடங்களில் கொம்பித்தாலியா விழாவின்போது சுதந்திரமான ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளிப் பொம்மையும் ஒவ்வோர் அடிமைக்கும் ஒரு கம்பளிப் பந்தும் தொங்கவிட்டார்கள் என்ற செய்தியை இங்கே சொன்னார்கள். அடிமைக்கு உருவம்கூட இல்லை.

குறைகள் நொச்சேரா வாயிலுக்கு வெளியே தொடங்கின. நகருக்கு வெளியே சாலையோரம் வரிசையாக நிற்கும் கல்லறைகள் நிதானமாகப் பார்க்கப்பட வேண்டியவை. பிப்ரவரி 13 முதல் 21 வரை நடந்த பரெந்தாலியாவில் முன்னோருக்குத் தானியமும் உப்பும் மதுவில் ஊறிய ரொட்டியும் ஊதாப் பூக்களும் படைத்ததையும், ஆவிகளை விரட்டும் மே மாதத்து லெமூரியா இரவுகளில் குடும்பத் தலைவர் வெறுங்காலோடு நடந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கறுப்பு அவரை விதைகளை வீசியதையும், நேரமாகிவிட்டது என்று நடந்துகொண்டே சொல்லி முடித்தார்கள். இறந்தோருக்கு மது ஊற்றப் புதைகுழிக்குள் இறக்கிய குழாய்களைப் பற்றி நான் கேட்ட பிறகே விளக்கம் கிடைத்தது. வெத்தி வீட்டில் கழித்த நேரத்தில் கால் மணியைக் குறைத்து இங்கே கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். காதில் பொருத்தும் ஒலிக்கருவியும் கூட்டமான இடங்களில் இரைந்தது.

பதிவு செய்பவர்கள் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். தொல்லியல் பூங்காவின் நுழைவுச்சீட்டு இந்தக் கட்டணத்தில் அடங்காது. பெயர் பதிந்த சீட்டுகளே வழங்கப்படுகின்றன, நாளொன்றுக்கு 20,000 பேர் என்ற வரம்பும் உண்டு என்பதால் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கோடையில் காலை நேரப் பயணத்தையே தேர்ந்தெடுங்கள். நிழல் மிகக் குறைவு. தெருக்கள் பெரிய கருங்கற்கள் பாவியவை, வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள் நிறைந்தவை என்பதால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இந்த வழித்தடம் ஒத்துவராது. அவர்கள் ஆம்பிதியேட்டர் சதுக்கத்து வாயிலில் தொடங்கும், பூங்கா நிர்வாகமே அமைத்துள்ள தடையற்ற பாதையில் செல்லலாம்.