நடையைப் பார்க்காதவரிடம் வோக்கர் வாங்காதீர்கள்: வன்னியில் எம்.எஸ். நோயோடு இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கம் ஊன்றுகோல், வோக்கர், சக்கர நாற்காலி எல்லாம் வீட்டுக்கே கொண்டுவந்து விற்கும் ஒருவர் எங்களை ஏமாற்றினார். காசு போனது ஒரு பக்கம். அவர் தந்த இரண்டு சாமான்களாலும் என் உடம்புக்குக் கேடு வந்தது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் விற்கும் முறையை எழுதுகிறேன். இதே முறையில் விற்பவர்கள் வேறும் இருக்கிறார்கள் என்று பலர் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

எனக்கு இருப்பது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையைத் தாக்குகிற நோய். பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது, பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில். எனக்கு முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு வலது கால். பாதத்தின் முன்பக்கத்தைத் தூக்க வராது. நடக்கும்போது பெருவிரல் நிலத்தில் இழுபடும். சில வேளை தொடை விறைத்து மடங்க மறுக்கும். விரல் நுனிகளில் எப்போதும் ஒரு மரப்பு.

இந்த நோயில் வெளியாட்களுக்கு விளங்காதது, நடை ஒரு நாளுக்குள்ளேயே மாறிப்போவதுதான். விடியப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிவரை போய்வருவேன். பகல் ஒரு மணிக்கு அந்தத் தூரத்தில் அரைவாசி கூட முடியாது. உடம்பின் சூடு அரைப் பாகை ஏறினாலே போதும், பழுதான நரம்பு வழியே செய்தி ஒழுங்காகப் போகாது. சூடு தணிந்தால் பழையபடி வரும். உடற்பயிற்சிக்குப் பிறகு நோயாளிகளின் பார்வை மங்குவதை 1890இலேயே வில்ஹெல்ம் ஊத்தோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் எழுதி வைத்திருக்கிறார். வைத்தியர்கள் இன்றும் அவர் பெயரால்தான் இதைச் சொல்கிறார்கள். காண்டாவன வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற எங்களுக்கு இது எப்படி என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே எம்.எஸ். உள்ளவருக்கு நடக்க உதவும் சாமான் விற்க வருகிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, "எந்த நேரத்தில் உங்களுக்கு ஆகக் கஷ்டம்?" என்பது. இந்த ஆள் கேட்ட முதல் கேள்வி, "வெளிநாட்டிலை ஆர் இருக்கினம்?" என்பது.

தம்பி கனடாவில் இருக்கிறான் என்று அம்மா சொன்னார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு கதைத்ததை விடத் தம்பியோடு வைபரில் கதைத்ததுதான் அதிகம். படங்கள் அனுப்பினார், "அக்காவின்ரை வருத்தத்துக்கெண்டே செய்தது" என்று குரல் பதிவு அனுப்பினார். தம்பி காசை நேரே அவருடைய வங்கிக் கணக்கில் போட்டுவிட்டான். தூரத்தில் இருப்பவன், தன்னால் முடிந்ததைச் செய்யவேண்டும் என்று தவிக்கிறவன். அந்தத் தவிப்பை வைத்துத்தான் இவர்கள் தொழில் செய்கிறார்கள்.

முதலில் வந்தது கக்கத்தில் வைத்து ஊன்றும் மரக்கோல் ஒரு சோடி. உயரம் அளக்கவில்லை. அறைக்குள் இரண்டு எட்டு வைக்கச் சொல்லிப் பார்க்கவும் இல்லை. கோல் கக்கத்தில் முட்டுகிறது என்று சொன்னேன். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, கால் இல்லாத ஆக்களே இதிலை சந்தைக்குப் போய் வருகினம். உங்களுக்கு ரண்டு காலும் இருக்கு, பிறகென்ன?"

எங்கள் பக்கத்தில் ஊன்றுகோல் புதிய பொருள் இல்லை. போரில் கால் இழந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் செயற்கைக் காலோடு வயல் செய்கிறார்கள், கடை நடத்துகிறார்கள். அதனால் நடக்க உதவும் சாமான் என்றாலே கால் போனவரின் கணக்கில்தான் எல்லாரும் பார்க்கிறோம். காலை இழந்த பலருக்கு மற்றக் காலும் இரண்டு கைகளும் உறுதியாக இருக்கும். இன்றைக்கு இருக்கிற பலம் நாளைக்கும் இருக்கும் என்று நம்பி அவர்கள் பழகலாம். எனக்கு இரண்டு காலும் இருக்கின்றன, ஆனால் அவை எப்போது கைவிடும் என்று தெரியாது. கைகளும் சோரும். சமநிலையும் தளம்பும். ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது என்பதை விற்கிறவர் அறியாமல் இருக்க நியாயமில்லை.

உயரம் கூடிய கோலில் உடம்புப் பாரம் முழுவதும் கக்கத்தில் இறங்கியது. கொஞ்ச நாளில் வலது மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தால் கை அப்படியே தொங்கியது. வீட்டில் எல்லாரும் நோய் கையையும் பிடித்துவிட்டது என்று பயந்துபோனோம். எம்.எஸ். திடீரென்று கூடினால் ஊசி வழியாக ஸ்டீரொயிட் ஏற்றுவார்கள். அதற்கென்று பையையும் கட்டிக்கொண்டுதான் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். நரம்பு வைத்தியர் கையைப் பார்த்தார், பிறகு கக்கத்தைப் பார்த்தார். கோலின் மேல்கட்டை பட்ட இடம் கறுத்துத் தடித்திருந்தது. அந்த வழியாகக் கைக்குப் போகும் நரம்பு நசுங்கியிருக்கிறது, எம்.எஸ்.ஸால் வந்ததில்லை என்றார். கோலை விட்டதும் கை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. கக்கத்துக்கும் கோலுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும், பாரம் கைப்பிடியில்தான் விழவேண்டும் என்பது அங்குதான் தெரியவந்தது. விற்றவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கக்கூடிய விஷயம்.

தம்பி அவரைக் கூப்பிட்டுக் கேட்டான். மன்னிப்புக் கேட்டாராம். கேட்டுவிட்டு அதைவிட விலை கூடிய ஒன்றை அவன் தலையில் கட்டினார். இருக்கையும் பிரேக்கும் உள்ள நாலு சில்லு வோக்கர். ஜெர்மன் சாமான், 48,000 ரூபாய். களைத்தால் இருக்கலாம், தேவைப்பட்டால் ஆள் தள்ளிக்கொண்டும் போகலாம், சக்கர நாற்காலிக் காசு மிச்சம் என்று சொல்லியிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லவேண்டும். சில்லு வோக்கர் கெட்ட சாமான் இல்லை. சீமெந்து நிலத்தில், ஆஸ்பத்திரி நடைபாதையில், நல்ல பிரேக்கோடு, சீக்கிரம் களைத்துப்போகிற எம்.எஸ். நோயாளிக்கு அது பெரிய உதவி. ஆனால் எங்கள் வீடு பரந்தனில் இருந்து உள்ளே, கிரவல் ஒழுங்கையில். அதன் முன் சில்லு என் உள்ளங்கை அளவுதான். படலையைத் தாண்டியதும் கல்லில் சிக்கும், மழைக்குப் பிறகு சேற்றில் புதையும். வண்டி நிற்கும், பின்னால் வருகிற உடம்பு நிற்காது. பிரேக் இன்னொரு பிரச்சினை. சைக்கிள் பிரேக் போல விரலால் இறுக்கிப் பிடிக்கவேண்டும். மரத்துப்போன விரல்களால் அவ்வளவு இறுக்க முடியாது. அண்ணை முழுப் பலத்தோடு அழுத்திப் பார்த்தபோதும் பின் சில்லு ஒன்று உருண்டுகொண்டுதான் இருந்தது.

அவர் சொன்னபடி ஒருநாள் நான் இருக்க, அண்ணை தள்ளினார். அந்த வோக்கரில் தள்ளுகிறவரைப் பார்த்தபடிதான் இருக்கவேண்டும், அதாவது போகிற திசைக்கு முதுகு காட்டிக்கொண்டு. முன் சில்லு கல்லில் மாட்டியதும் நான் மல்லாக்க விழுந்தேன். தலையின் பின்பக்கம் தையல். இடுப்பு முறியாதது கடவுள் செயல்.

விழுந்த வோக்கரைக் கழுவும்போதுதான் அம்மா கண்டார். சட்டத்தில் ஒட்டியிருந்த "ஜெர்மனி" ஸ்டிக்கரின் ஓரம் தண்ணீரில் கிளம்பியிருந்தது. உரித்தால் கீழே வேறொரு லேபிள். அதில் ஒரு சின்னப் படம்: வோக்கரில் ஒருவர் இருக்க இன்னொருவர் தள்ளுகிறார், அதன் மேல் சிவப்புக் கோடு. செய்யக்கூடாது என்று செய்தவனே அச்சடித்து ஒட்டியதை மூடிவிட்டு, அதையே ஒரு வசதி என்று சொல்லி விற்றிருக்கிறார். அந்த ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு இதைத் தெரியாமல் நடந்த பிழை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

திருப்பி எடுக்கச் சொன்னோம். "பாவிச்ச சாமான் எடுக்கிறேல்லை" என்றார். பில்லில் "வோக்கர் 1" என்று மட்டும் எழுதியிருந்தார், விலை இல்லை. பிறகு தொலைபேசி எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

இப்போது நான் எப்படி நடக்கிறேன் என்பதையும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் பயமுறுத்தியது மட்டும்தான் மிஞ்சும். மாவட்ட வைத்தியசாலையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி இருக்கிறா. வோக்கரின் படத்தைக் காட்டப் போனேன். "அக்கா, சாமானை விடுங்கோ, முதல் நீங்கள் நடவுங்கோ பாப்பம்" என்றா. நடக்கவிட்டுப் பின்னால் வந்தா. இளைப்பாறவிட்டு, களைத்த பிறகு திரும்பவும் நடக்கச் சொன்னா. வீட்டு வாசலில் எத்தனை படி, கழிப்பறை குந்துவதா இருப்பதா, கிணற்றடி எவ்வளவு தூரம், என்ன செருப்பு என்று கேட்டா. எனக்குத் தந்தது முழங்கை ஊன்றுகோல்கள். முன்கையைச் சுற்றி ஒரு வளையம் இருப்பதால் கதவு திறக்கும்போது கையை விட்டாலும் கோல் விழாது. விடிய ஒன்று போதும், அதையும் இடது கையில்தான் பிடிக்கவேண்டும். வலது கால் சோர்வென்றால் கோல் எதிர்க் கையில். இதை எங்கள் ஊரில் எத்தனையோ பேர் மாறிப் பிடித்து நடப்பதைப் பார்க்கிறேன். வெயில் ஏறினால் இரண்டு கோலும். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேரே வரவேண்டும், பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடங்கவேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் சோர்ந்த காலும் முதலில்.

இழுபடுகிற பாதத்துக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தாங்கி. கெண்டைக்காலில் இருந்து உள்ளங்கால்வரை வந்து பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும். பாட்டாச் செருப்போடு போட முடியாது, பின்பக்கம் மூடிய சப்பாத்து வேண்டும். கோலின் அடி ரப்பரையும் அடிக்கடி புரட்டிப் பார்க்கச் சொன்னா. வரி தேய்ந்து வழவழப்பானால் ஈரக் கிணற்றடியில் சறுக்கும், உடனே மாற்றவேண்டும். மெத்தச் செலவில்லாத சாமான்கள், ஆனால் என் நடைக்குப் பார்த்துத் தந்தவை.

காசு இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள், வைத்தியச் சான்றோடு உதவி உபகரணத்துக்கு விண்ணப்பிக்கலாம். காசு கொடுத்து வாங்குபவர்கள் தயவுசெய்து பிசியோதெரபிஸ்டின் துண்டோடு மட்டும் வாங்குங்கள். சாமானை உங்கள் வளவில், உங்கள் ஒழுங்கையில், நீங்கள் களைத்திருக்கும் நேரத்தில் நடந்து பார்த்த பிறகுதான் காசு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, விற்கிறவரின் கணக்குக்கு நேரே அனுப்பாதீர்கள், வீட்டாருக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று. "எனக்கு எம்.எஸ்., கிரவல் வீதியில் நடக்கவேண்டும், கை விரலில் பலம் இல்லை, இதற்குப் பொருந்துமா?" என்று வாங்குமுன் விற்பவருக்கு எழுத்தில் அனுப்பி, பதிலை அழிக்காமல் வையுங்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்கிறவரின் அறிவை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்கவேண்டியது அவருடைய பொறுப்பு என்று ஒரு சட்டத்தரணி விளக்கினார். தம்பியின் வைபரில் இருந்த குரல் பதிவுதான் எங்களுக்கு இப்போது பெரிய சாட்சி. பில் கேட்டால் விற்பவர் கொடுத்தே ஆகவேண்டும், இது 2003இன் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் தொலைபேசியோடு விடாதீர்கள், வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு போகவேண்டும். விழுந்து படுக்கையில் கிடந்ததில் எங்களுக்கு அந்தக் காலம் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. அண்ணை ஓடித்திரிந்துதான் கடிதத்தைச் சேர்ப்பித்தார்.

வோக்கரை ஸ்டிக்கரோடு அப்படியே வைத்திருக்கிறோம். இதே "ஜெர்மனி" ஸ்டிக்கர் ஒட்டிய சாமான் உங்கள் வீட்டிலும் இருந்தால் ஓரத்தை உரித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஒருவரின் முறைப்பாட்டை விடப் பலருடையதுக்குப் பலம் அதிகம்.