“பனிதான் தம்பி” என்றார், நம்பிவிட்டேன்

லென்ஸுக்குள் தெரிந்த பூஞ்சணத்தைப் பனி என்று நினைத்து 165,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தவன் நான். கொடுத்த இடம் ஹட்டன் ரயில் ஸ்டேஷன் மேடை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மலையகத்தில் செகண்ட் ஹேண்ட் கெமரா தேடுகிற பிள்ளைகள் இப்போது அதிகம் என்பதால் எழுதுகிறேன்.

நான் டிக்கோயாப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். படம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு மட்டும்தான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதே, அதோடு புதுக் கெமரா என்ற பேச்சையே விட்டுவிட்டேன். அப்புறம் சீட்டுக் காசு கைக்கு வந்தது. ஆசையும் கூடவே வந்துவிட்டது.

நிக்கோன் டி7200, 18-140 லென்ஸோடு, விளம்பரத்தில் கிடந்தது. பூப்போட்ட மஞ்சள் படுக்கை விரிப்பின் மேல் வைத்து எடுத்த படம். 2015இல் வந்த மொடல்தான், ஆனால் 24 மெகாபிக்சல், இரண்டு மெமரி கார்ட் போடலாம், பழைய மோட்டர் இல்லாத லென்ஸ்களிலும் ஓட்டோஃபோகஸ் வேலை செய்யும். பொழுதுபோக்குக்குப் படம் எடுப்பவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இன்றைக்கும் சொல்வேன், மொடலைத் தெரிவு செய்ததில் பிழை இல்லை. தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது, இது காசு கொடுத்து வாங்கும் மாடு. நான் பல்லைப் பார்க்கவில்லை, அதுதான் பிழை.

“எத்தனை படம் எடுத்திருக்கு அண்ணே?” என்று விற்கிறவரிடம் கேட்டேன். வட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷொட் வந்தது: ஷட்டர் கவுண்ட் 6,204. கூடவே அந்தக் கெமராவில் எடுத்ததாக நாலைந்து படங்கள். சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை. ஸ்கிரீன்ஷொட் என்பது யாரும் எந்தக் கெமராவிலிருந்தும் எடுத்து அனுப்பக்கூடியது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அவர் பதுளைக்குப் போகிறாராம், பொடி மெனிக்கே ரயிலில். “ஹட்டன்ல ட்ரெயின் கொஞ்சம் நிக்கும் தம்பி, மேடைக்கு வந்துருங்க, கையோட தந்துர்றேன்” என்றார். அந்த நேரத்தில் அது ஒரு உதவி மாதிரித்தான் பட்டது.

ஜூன் மாதம், காலையிலிருந்து தூறல், மேடை முழுக்க மூடுபனி. அவர் பெட்டியிலிருந்து இறங்கி, தோல் பையைத் திறந்து கெமராவைக் கையில் தந்தார். பட்டனை அழுத்தினேன், படம் விழுந்தது. முன் கண்ணாடியைச் சாய்த்துப் பார்த்தபோது உள்ளே லேசான வெள்ளைப் படலம். “என்ன அண்ணே மங்கலா இருக்கு?” “பனிதான் தம்பி. இப்பதானே வெளிய எடுத்தோம், வீட்ல கொஞ்ச நேரம் வச்சா போயிரும்.” சரி, லென்ஸைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று பட்டனில் விரலை வைத்தேன். சட்டென்று என் கையைப் பிடித்தார். “இந்தத் தூறல்ல கழட்டாதீங்க, சென்ஸருக்குள்ள ஈரம் போயிரும்.” அதுதான் பாருங்கள், சொன்னது சரியான புத்திமதி! மழைக்குள் லென்ஸ் கழற்றக்கூடாதுதான். இவ்வளவு கவனமாக வைத்திருக்கிற மனிதர் என்று அந்த இடத்தில்தான் நான் முழுக்க விழுந்தேன். ரயில் கார்ட் பச்சைக்கொடி காட்டினார், அவர் காசோடு ஏறிவிட்டார்.

முதல் ஞாயிறு பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்துக்குப் போனேன். ஜூலியா மார்கரட் கெமரன் அடக்கமான இடம் அது. 1875இல் இலங்கைக்குக் குடிவந்து 1879இல் டிக்கோயாப் பக்கம் இறந்த ஆங்கிலப் படப்பிடிப்பாளர். முகங்களைக் கொஞ்சம் மங்கலாக, புகைமூட்டம் போல எடுப்பதுதான் அவருடைய பாணி, அதற்காக அந்தக் காலத்திலேயே திட்டும் வாங்கியவர். வீட்டுக்கு வந்து என் படங்களைப் பார்த்தால் எனக்கும் அதே மாதிரி! கல்லறைக் கல்லின் வெளுத்த ஓரமெல்லாம் பால் வழிந்ததுபோல் ஒளிர்ந்தது. கூட்டாளிக்கு அனுப்பினேன். “மச்சான், அந்த அம்மா உன் கெமராக்குள்ள பூந்துட்டாங்க போல” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். பனி இன்னும் போகவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்தும் போகாதபோதுதான் ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு லென்ஸைக் கழற்றினேன். நிக்கோனின் இந்த வகை லென்ஸ் கழற்றியதும் உள்ளே ஒளித்துளையின் இதழ்கள் மூடிக்கொள்ளும், பின்பக்கம் இருக்கிற சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்தால்தான் திறக்கும். திறந்து, பின்னாலிருந்து போன் டோர்ச்சை அடித்து, முன்னால் சாய்வாகப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய நூல்கள், கிளை விட்டு, கிளைக்கு மேல் கிளை விட்டு. பழைய ஊறுகாய்ப் போத்தலில் மேலே பூக்குமே, அந்த வெள்ளைதான். பங்கஸ், அதாவது பூஞ்சணம். முன் கண்ணாடியில் இல்லை, உள்ளே இரண்டு மூன்று அடுக்கு தாண்டி.

அதே ராத்திரி அடுத்த அடி. நிக்கோன் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் அது எத்தனையாவது படம், கெமராவின் தொடர் இலக்கம் என்ன என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். நான் எடுத்த படத்தைத் திறந்து பார்த்தேன்: 141,316. டி7200இன் ஷட்டரை 150,000 தடவைக்குத்தான் சோதித்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் அன்றே செத்துவிடும் என்றில்லை, ஆனால் 6,204 எங்கே, இது எங்கே? மெனுவில் பெட்டரித் தகவல் என்று ஒன்று உண்டு, 0 என்றால் புதுசு, 4 என்றால் மாற்ற வேண்டும். என்னுடையது 3. மேடையில் நின்றபடியே பத்து செக்கனில் பார்த்திருக்கலாம் இதை.

அவர் வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைச் சோதிக்க வழியே இல்லை. சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி இந்த விவரங்களையெல்லாம் கழற்றிவிடும். டொகியுமென்ட் ஆகவோ ஈமெயிலிலோ அனுப்பச் சொல்ல வேண்டும். வந்த கோப்பில் உள்ள தொடர் இலக்கமும் கெமராவின் அடியில் ஒட்டியிருக்கும் இலக்கமும் ஒன்றா என்று நேரில் பார்க்க வேண்டும். கெனன் வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் படத்திலிருந்து எண்ணிக்கை கிடைக்காது, கம்பியூட்டரில் மாட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கும். லெப்டொப்போடு போங்கள், வெட்கப்படாதீர்கள்.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். முதல் தடவை “தரும்போது நல்லாத்தானே இருந்துச்சு” என்றார். இரண்டாவது தடவைக்கு இலக்கம் வேலை செய்யவில்லை. கடையில் வாங்கியிருந்தால் பில்லைக் காட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். என்னிடம் பில் எங்கே? அவருடைய முழுப்பெயர்கூடத் தெரியாது.

இதோடு விட்டிருந்தால் ஒரு தடவை ஏமாந்தவன் என்று முடிந்திருக்கும். கண்டியில் ஒரு ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். “பங்கஸ் தானே, பதினாலாயிரம், ரெண்டு கிழமை” என்றார் முதலாளி. ஏழு கிழமை ஆனது. திரும்பி வந்த லென்ஸில் நூல்கள் இல்லை, சந்தோஷம். ஆனால் பின்பக்கத் திருகாணித் தலைகள் தேய்ந்து கிடந்தன. வீட்டுச் சுவரில் பத்திரிகைப் பக்கம் ஒன்றை ஒட்டி, நேராக நின்று எடுத்தேன். வலது பத்தியில் விளம்பரத்தின் தொலைபேசி இலக்கம்வரை வாசிக்கலாம். இடது பத்தியில் தலைப்பைத் தவிர எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. கழற்றிய கண்ணாடியை மையம் பிசகாமல் திருப்பிப் பொருத்தவில்லை. கேட்டால், “பழைய லென்ஸ் அப்படித்தான் தம்பி.” கொடுக்கும்போது இந்தப் பத்திரிகைப் படத்தை எடுத்து வைத்திருந்தால் முகத்துக்கு நேரே காட்டியிருப்பேன். லென்ஸைக் கொடுத்ததற்கு ஒரு துண்டுகூட வாங்கவில்லை நான்.

நாலு மாதத்தில் நூல்கள் திரும்பவும் வந்தன. இதில் கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன், பாதிப் பாவம் என்னுடையது. கெமராவை அந்தத் தோல் பைக்குள்ளேயே, அலுமாரியில் வைத்திருந்தேன். தோலும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். எங்கள் பக்கம், ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாவில் மே முதல் செப்டெம்பர் வரை துணியே காயாது. பண்டாரவளை, ஹப்புத்தளைக்காரர்களுக்கு அந்த மாதங்களில் கொஞ்சம் மூச்சுவிடலாம், அவர்களுக்கு மழை வருஷக் கடைசியில். காற்றில் ஈரம் 60, 70 வீதத்தைத் தாண்டி, இருட்டும் சேர்ந்தால் பங்கஸுக்கு விருந்துதான். நாளாக நாளாக அது விடும் அமிலம் கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும், அப்புறம் எவ்வளவு துடைத்தும் தடம் போகாது.

அம்மா ஒரு வழி சொன்னார்: அடுப்புக்கு மேல் பரணில் வை, காய்ந்துகிடக்கும். காயும்தான், கூடவே புகைக்கரியும் எண்ணெயும் படியும். அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம், மாத்தூசி உள்ளே போகும். நான் இப்போது ரப்பர் ஓரம் வைத்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும், ஈரத்தை அளக்கும் சின்ன ஈரமானியும் போட்டு வைத்திருக்கிறேன். முள் 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் நிம்மதி. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பவும் பாவிக்கலாம், சமைக்கிற சட்டியில் மட்டும் வேண்டாம். சிவனொளிபாத மலையில் விடியவிடிய நின்றுவிட்டு இறங்கி, நல்லதண்ணியில் தேநீர்க் கடைச் சூட்டுக்குள் நுழையும் முன் கெமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவேன். வியர்வை பைக்கு வெளியேதான் பூக்கும்.

கெமராவின் உடல் இன்னும் ஓடுகிறது, ஷட்டர் கவுண்ட் 143,000ஐத் தாண்டிவிட்டது. அந்த லென்ஸை மட்டும் பயத்தில் தனி டப்பாவில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு டி7500. அதே பூப்போட்ட மஞ்சள் விரிப்பு. “5,000 படம் மட்டுமே எடுத்தது.” இலக்கம் புதுசு. ஒரு படத்தை டொகியுமென்ட் ஆக அனுப்ப முடியுமா அண்ணே என்று கேட்டேன். “அனுப்பலாம், தம்பி எந்த ஊர்?” என்றார். ஹட்டன் என்று எழுதினேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, கொஞ்ச நேரத்தில் அவருடைய முகப்படம் காணாமல் போனது.