சிகிச்சைக்காக மருத்துவரே விலகும்போது குடும்பக் கிளினிக்கை யாரிடம் விடுவது?

ஒரே குடும்பத்தினர் சேர்ந்து நடத்தும் கிளினிக்கில் முதன்மை மருத்துவருக்கே கடுமையான நோய் வந்துவிட்டால், அந்தச் செய்தியின் அதிர்ச்சி அடங்குவதற்குள் இன்னொரு கேள்வி வீட்டுக்குள் வந்து நின்றுவிடுகிறது: நாளை வரப்போகும் நோயாளிகளை யார் பார்ப்பது? பெரிய மருத்துவமனையில் வேலை செய்பவர் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டுச் சிகிச்சைக்குப் போகலாம். அவர் இடத்தை நிரப்புவது நிர்வாகத்தின் பொறுப்பு. குடும்பக் கிளினிக்கிலோ நிர்வாகம் என்பது அவரேதான், அல்லது அவருடைய துணையோ பிள்ளையோதான். ஆகவே நோயுற்றவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் கிளினிக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் ஒரே ஆட்களாகிவிடுகிறார்கள். வழிகளை ஒப்பிடும்போது வருமானத்தையும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்க்காமல், இந்த இரட்டைச் சுமையை எந்த வழி குறைக்கிறது என்பதையே முதன்மை அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

என் அப்பா பொது மருத்துவர். அம்மா கணக்கையும் ஊழியர்களையும் கவனித்தார்; நான் படிப்பை முடித்து அதே கிளினிக்கில் அவருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் இருப்பது உறுதியானபோது எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. சிகிச்சைச் சுற்றுகளுக்கு இடையே உடல்நிலை தேறும் நாட்களில் அப்பாவே வந்து பார்ப்பது முதல் வழி. நான் முழுவதையும் ஏற்பது இரண்டாவது. வெளியிலிருந்து ஒரு மாற்று மருத்துவரை அமர்த்துவது மூன்றாவது. தற்காலிகமாக மூடிவிடுவது நான்காவது. நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது முதலிரண்டின் கலவை. அது தவறு என்பதை இரண்டாவது சுற்றிலேயே உணர்ந்தோம்.

எத்தனை மாதம் ஆகும் என்று கேட்பதற்கு முன், அந்த மாதங்கள் எந்த வடிவில் அமையும் என்று கேட்க வேண்டும். இதய இரத்தக்குழாய் மாற்றுவழி (பைபாஸ்) அறுவையில் மார்பெலும்பு கூடுவதற்கு ஏறத்தாழ 6 முதல் 8 வாரங்கள் தேவை. முதலில் முழு ஓய்வு, பிறகு சீரான மீட்சி என்று அதன் போக்கை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாட்களாகச் சில வாரங்கள் தொடரும். அதில் சோர்வு நாளுக்கு நாள் சேர்ந்து கடைசி வாரங்களிலும் அதற்குப் பின்னும்தான் உச்சத்துக்குப் போகும். கீமோதெரபியோ அலைபோல வருவது: 21 நாட்களுக்கு ஒரு சுற்று என்று 6 சுற்றுகள் என்றால் அதுவே 4 மாதங்களுக்கு மேல். பிறரிடமிருந்து பெறும் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் நோய் எதிர்ப்பாற்றல் மீள ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். ஆறு வாரங்களுக்குப் பொருந்தும் ஏற்பாட்டை ஓராண்டுக்கு நீட்டினால் எந்தக் குடும்பமும் ஒடிந்துவிடும்.

இடையிடையே தானே வந்து பார்ப்பது என்ற வழிதான் நோயுற்ற மருத்துவருக்கு மிகவும் பிடித்தமானதாக இருக்கும். அதன் காரணத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பல ஆண்டுகளாகத் தன்னை நம்பி வந்தவர்களின் முகங்களைப் பார்ப்பதே அவருக்கு ஒரு தெம்பு. ஆனால் கீமோதெரபி கொடுத்த ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள்தான் தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள், குறிப்பாக அவற்றில் ஒரு வகையான நியூட்ரோஃபில்கள், மிகக் குறைந்த அளவுக்கு இறங்கும். குமட்டல் நின்று, சாப்பாடு இறங்கி, நன்றாக இருக்கிறேன் என்று தோன்றத் தொடங்குவதும் பெரும்பாலும் அதே நாட்களில்தான். உடம்பு தரும் அந்த நம்பிக்கையை இரத்தப் பரிசோதனை ஒத்துக்கொள்வதில்லை. பொது மருத்துவரின் அறைக்குள் வருவதோ காய்ச்சலும் இருமலும் அம்மையும். இரண்டாவது சுற்றின் பத்தாம் நாள் அப்பா இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த நிலையில் அது அவசர சிகிச்சை தேவைப்படும் ஆபத்து. அவர் ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். மூன்றாவது சுற்றும் தள்ளிப்போனது. கிளினிக்கில் அமர்ந்ததால்தான் தொற்று வந்தது என்று நிறுவ முடியாது. வேண்டாத ஆபத்தை வலியப் போய் வாங்கினோம் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

கைத்திறனை நம்பிய பல் மருத்துவர்கள், அறுவை மருத்துவர்கள் ஆகியோருக்கு இந்த வழியில் இன்னொரு இடர் உண்டு. வின்கிறிஸ்டின், பக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோதெரபி மருந்துகள் நரம்புகளைப் பாதித்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யக்கூடியவை. பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளில் அந்த மரத்துப்போதல் மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் கூடிக்கொண்டே போகலாம் என்பதால், கடைசி ஊசி போட்ட மறுமாதம் முழுவேலை என்று திட்டமிடுவது பாதுகாப்பானதன்று. கவனமும் நினைவும் சிலருக்குச் சில காலம் மந்தமாவதும் அறியப்பட்ட பக்கவிளைவே. நோயாளிகளை நேரில் தொடாமல், பழைய நோயாளிகளின் பரிசோதனை முடிவுகளைத் தொலைபேசியில் விளக்குவது, மாற்று மருத்துவர் கேட்கும் ஐயங்களுக்கு விடை சொல்வது என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் மட்டுமே இந்த வழிக்கு நான் உடன்படுவேன். அப்போதும் மருந்துச் சீட்டில் கையெழுத்திடும் பொறுப்பு வேறொருவரிடம் இருக்க வேண்டும்.

குடும்பத்திலுள்ள இன்னொரு மருத்துவர் முழுவதையும் ஏற்பதற்கும் வெளியாளை அமர்த்துவதற்கும் இடையில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. குடும்பத்தவர் ஏற்பதன் பலம் வெளிப்படையானது. நோயாளிகளின் வரலாறு அவருக்குத் தெரியும். ஊழியர்கள் அவரை அறிவார்கள். கூடுதல் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. வருபவர்களுக்கும் அதே பெயர்ப்பலகை, அதே குடும்பம் என்ற ஆறுதல் கிடைக்கும். தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாக் கட்டங்களிலும் இந்த வழியே முந்தும். ஆனால் அந்தத் தாளில் நாங்கள் எழுத மறந்த கட்டம் ஒன்று இருந்தது: அப்பாவுக்கு மருந்து ஏற்றும் நாளில் அவர் பக்கத்தில் யார் உட்காருவது? நான் இருவர் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது அம்மா தனியாக அவரைக் கூட்டிச் சென்றார். அவர் பார்த்து வந்த கணக்கு வேலை இரவில் என்னிடம் வந்தது. தூக்கம் குறைந்த நிலையில் நோயாளிகளைப் பார்ப்பது அவர்களுக்கும் நியாயமானதல்ல. அதோடு, அப்பாவின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை நானே படித்து, நானே அவருக்கு விளக்கம் சொல்லத் தொடங்கியிருந்தேன். மகள், மருத்துவர், நிர்வாகி என்ற மூன்று பாத்திரங்களில் மகளாக இருப்பதற்குத்தான் எனக்கு நேரம் இல்லாமல் போனது.

வெளியிலிருந்து வரும் மாற்று மருத்துவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். முதல் சில வாரங்களில் வருவோர் எண்ணிக்கை குறையும். பழைய மருத்துவர் எப்போது வருவார் என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அவர் எழுதும் மருந்து அப்பா எழுதுவதுபோல் இல்லை என்ற குறையும் எழும். இவையெல்லாம் எங்களுக்கும் நடந்தன. இவற்றுள் பணத்தைத் தவிர மற்றவை ஒரு மாதத்துக்குள் தணிந்துவிட்டன. வரவு குறைந்தாலும் வாடகை, ஊழியர் சம்பளம், கடன் தவணை ஆகியவற்றைச் சமாளிக்கும் அளவுக்குக் கிளினிக் ஓடியது. மருந்து ஏற்றும் நாட்களில் நான் அப்பாவோடு போனேன். மாற்று மருத்துவர் பிற்காலத்தில் நோயாளிகளைத் தன்பக்கம் இழுத்துவிடுவாரோ என்ற அச்சம் பல குடும்பங்களைத் தடுப்பதைக் கண்டிருக்கிறேன். கால அளவு, வேலை நேரம், ஊதியம், நோயாளிகளின் பதிவேடு யாருக்கு உரியது என்பவற்றை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த அச்சம் பெருமளவு நீங்கும். அவருடைய மருத்துவப் பதிவும், சிகிச்சை பற்றிய புகார்களுக்குக் காப்பளிக்கும் தொழிற்பொறுப்புக் காப்பீடும் அவர் பெயரிலேயே நடப்பில் இருக்கின்றனவா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

ஆகவே இரண்டையும் ஒப்பிட்டு என் தீர்ப்பைச் சொல்வதானால், விலகும் காலம் ஆறு அல்லது எட்டு வாரங்கள் என்று திட்டவட்டமாகத் தெரிந்தால் குடும்பத்தவர் ஏற்பது போதும். அதைத் தாண்டினாலோ முடிவு தேதி தெளிவில்லை என்றாலோ, குடும்பத்தில் எத்தனை மருத்துவர்கள் இருந்தாலும், வெளியாள் ஒருவரை அமர்த்துவதே மேல். அவர் அரைநாள் மட்டும் வந்தாலும் போதும். அந்த அரைநாள் குடும்பத்துக்குக் கிடைக்கிறது.

தற்காலிகமாக மூடுவதை யாரும் தொடக்கத்தில் விரும்புவதில்லை. ஒரே ஒரு மருத்துவர் மட்டும் உள்ள கிளினிக்கில், நான்கைந்து வாரச் சிகிச்சைக்கு, மூடுவதே மிகத் தூய்மையான தீர்வு என்று நான் நினைக்கிறேன். அங்கே யாரும் இரண்டு வேலை செய்ய வேண்டியதில்லை. அதற்குரிய நிபந்தனை, தொடர் சிகிச்சையில் இருப்பவர்களைக் கைவிடாமல் ஒப்படைப்பது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்கள், இன்சுலின் அளவு மாறிக்கொண்டிருப்பவர்கள், கர்ப்பிணிகள், முடிவு வராத பரிசோதனைகள் உள்ளவர்கள் ஆகியோரைத் தனிப் பட்டியலாக எழுதி, ஒவ்வொருவரும் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லி, சிகிச்சைச் சுருக்கத்தைக் கையில் கொடுத்தபின்தான் கதவை மூட வேண்டும். மூன்று மாதங்களுக்கு மேல் மூடினால் நோயாளிகளை மட்டுமல்ல, பழகிய செவிலியரையும் வரவேற்பாளரையும் இழக்க நேரிடும். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, காத்திருக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கிளினிக்கையே விற்றுவிடுவது ஐந்தாவது வழி. நோய் தெரிந்த முதல் மாதத்தில் எடுக்கும் விற்பனை முடிவு அச்சத்தின் முடிவாகவே இருக்கும் என்பதால் அதை நான் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

எந்த வழியானாலும் சிகிச்சை தொடங்குமுன் முடிக்க வேண்டிய தாள்வேலைகள் சில உண்டு. வங்கிக் கணக்கில் இன்னொருவருக்குக் கையெழுத்து அதிகாரம் வேண்டும். பொது அதிகாரப் பத்திரம் பல நாடுகளின் சட்டத்தில் அதைக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்தால் செல்லாமல் போய்விடும். அதாவது மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது உதவாது. அந்த நிலையிலும் செல்லுபடியாகும் வகை உங்கள் நாட்டில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டறிய வேண்டும். வேலை செய்யாத மாதங்களில் தொழிற்பொறுப்புக் காப்பீட்டுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்று நிறுத்திவிடுவதும் ஆபத்து. உரிமைகோரல் வரும் நாளை வைத்துக் காப்பளிக்கும் பாலிசிகளில், அதை நிறுத்தினால் பழைய சிகிச்சைகளைப் பற்றி இனி வரும் புகார்களுக்கும் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். வருமான இழப்புக் காப்பீடு வைத்திருப்பவர்கள் அதன் காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்பதைப் பார்த்து, அதுவரைக்கான செலவைத் தனியே ஒதுக்க வேண்டும்.

நோயாளிகளிடம் எவ்வளவு சொல்வது என்பதில் வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபட்டது. அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லலாம் என்றார் அம்மா. சில நாட்கள் அப்படியே சொன்னோம். அவரை மருத்துவமனையில் பார்த்துவிட்ட ஒருவர் கேட்டபோது எங்கள் வரவேற்பாளர் தலைகுனிந்து நிற்க வேண்டியதாயிற்று. பிறகு, மருத்துவர் சிகிச்சைக்காக விடுப்பில் இருக்கிறார், இன்ன மாதம் வரை இன்ன மருத்துவர் பார்ப்பார் என்ற இரு வரிகளை அறிவிப்புப் பலகையில் எழுதினோம். என்ன நோய் என்பதைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

மாற்று மருத்துவரின் ஒப்பந்தத்தைச் சிகிச்சை முடியும் நாளோடு நிறுத்தாமல் மேலும் எட்டு வாரங்களுக்கு எழுதச் சொன்னவர் அப்பாவின் சிகிச்சை மருத்துவர். அப்பா திரும்பி வந்த முதல் மாதத்தில் வாரத்துக்கு இரண்டு காலைகள் மட்டும் உட்கார்ந்தார். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வழக்கமாக வருபவர்களை மட்டுமே அவருடைய அறைக்கு அனுப்பினோம். காய்ச்சலோடு வந்தவர்களை அந்த மாற்று மருத்துவர் பக்கத்து அறையில் பார்த்துக்கொண்டார்.