முதல் முறையாகத் தன் கையால் வீடு கட்டுபவருக்கு எந்தச் சுவர்?

கட்டுமான அனுபவம் இல்லாமல் சொந்தமாகச் சின்ன வீடு கட்ட இறங்குபவர்கள் முதலில் கேட்பது, எந்த முறையில் செலவு குறையும் என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: வேலையில் தப்பு நேர்ந்தால் அது எப்போது தெரியவரும்? தெரிந்த பிறகு பிரித்துச் சரிசெய்ய முடியுமா? முதல் வீட்டில் தப்பு நடந்தே தீரும். ஆணியைப் பிடுங்கித் திரும்ப அடிப்பதோடு தீரும் தப்பும் உண்டு, கம்பியை வைத்துக் கான்கிரீட் ஊற்றிய பிறகு தொடவே முடியாத தப்பும் உண்டு. அந்த அளவுகோலில்தான் இங்கே நான்கு சுவர் முறைகளை ஒப்பிடுகிறோம்: ஹாலோ பிளாக் (உள்ளே குழிவுள்ள சிமெண்ட் கல்), மரச்சட்டகம், மண்மூட்டை, அழுத்திய மண்கல்.

எல்லாவற்றுக்கும் ஒரே வீட்டை எடுத்துக்கொள்வோம். வெளி அளவு 6 மீட்டருக்கு 5 மீட்டர், சுவர் உயரம் 2.6 மீட்டர், ஒரு வாசல், நான்கு ஜன்னல். சுற்றளவு 22 மீட்டர். திறப்புகளைக் கழித்தால் சுவர்ப் பரப்பு சுமார் 49 சதுர மீட்டர்.

கையால் தூக்க வேண்டிய எடை

இந்தக் கணக்கைப் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. மரச்சட்டகமும் அதன் மேல் அடிக்கும் வெளிப்பலகையும் சேர்ந்து சுமார் 1 டன். ஹாலோ பிளாக் 12 டன். அழுத்திய மண்கல் 23 டன்னுக்குக் குறையாது. மண்மூட்டைச் சுவர் 33 டன். இதில் பெரும்பகுதியைக் குறைந்தது இரண்டு முறை தூக்க வேண்டிவரும்: இறக்கி அடுக்க ஒரு முறை, சுவரில் வைக்க ஒரு முறை. ஒருவரும் ஒரு துணையாளும் மட்டும் என்றால், இந்த எண்களே பாதி முடிவை எடுத்துவிடும்.

உள்ளே மிஞ்சும் இடமும் மாறுகிறது. வெளி அளவுப்படி 30 சதுர மீட்டர் உள்ள இதே வீட்டில், மரச்சட்டகச் சுவர் உள்ளே சுமார் 27 விடும். 200 மில்லிமீட்டர் பிளாக் 25.8, 290 மில்லிமீட்டர் மண்கல் 24, 380 மில்லிமீட்டர் மண்மூட்டை 22 சதுர மீட்டர். மரத்துக்கும் மண்மூட்டைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு குளியலறையும் அதற்கு மேலும். சின்ன வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

ஹாலோ பிளாக்

400 × 200 × 200 மில்லிமீட்டர் பிளாக் என்றால் சதுர மீட்டருக்கு 12.5 கல். உடைசல் சேர்த்து 650 கல் வாங்க வேண்டும். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற 1:6 கலவைக்கு 50 கிலோ சிமெண்ட் மூட்டை 7 அல்லது 8, மணல் ஒன்றரை கன மீட்டர். வீட்டின் நீளம், அகலம், ஜன்னல் அகலம் எல்லாவற்றையும் 200 மில்லிமீட்டரின் மடங்காக வரைபடத்திலேயே வைத்துவிட்டால் கல் வெட்டும் வேலை ஏறக்குறைய இல்லாமல் போகும். 2.6 மீட்டர் உயரத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். சரியாக 13 வரி வரும்.

கல் வைப்பதைப் பார்த்துத்தான் புதியவர்கள் பயப்படுகிறார்கள். உண்மையில் அது கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. இரண்டு மூலைகளையும் முதலில் மூன்று நான்கு வரி ஏற்றி, நடுவில் நூல் கட்டி நிரப்பினால் கண்ணுக்கு நூலே வழிகாட்டும். ஒவ்வொரு வரியிலும் ரசமட்டம், ஒவ்வொரு மூலையிலும் தூக்குக்குண்டு. மேல்கல்லின் குத்து மூட்டு கீழ்க்கல்லின் நடுவில் விழ வேண்டும். கோணினால் கலவை இறுகுவதற்குள் எடுத்துத் திரும்ப வைக்கலாம். ஆனால் கல் பிடித்த பிறகு தட்டி நேராக்கினால் அடியிலுள்ள ஒட்டு விட்டுப்போகும். அந்தக் கல்லைக் கழற்றிப் பழைய கலவையைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைப்பதே சரி.

இரண்டு பழக்கங்களைத் தவிர்த்தால் பாதி விரிசல் வராது. செங்கல்லைப் போல சிமெண்ட் பிளாக்கைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது. ஊறிய பிளாக் சுவரில் இருந்தபடி காய்ந்து சுருங்கும்போது மூட்டோரமாகப் படிப்படியாகக் கோடு விழும். அடுத்தது, ஒரே நாளில் 1.2 மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. மேலுள்ள பாரம் தாங்காமல் கீழ்ச்சாந்து பிதுங்கி, காலையில் நேராக இருந்த சுவர் மாலையில் சாய்ந்திருக்கும்.

இந்த முறையின் உண்மையான ஆபத்து கான்கிரீட்டில் இருக்கிறது. அஸ்திவாரம், வாசல் ஜன்னல்களுக்கு மேல் வரும் லிண்டல், சுவர் தலையில் ஓடும் வளையபீம் ஆகிய மூன்றும் ஊற்றியபின் திருத்த முடியாதவை. வளையபீம் 200 × 150 மில்லிமீட்டர், மொத்தம் 0.66 கன மீட்டர்தான். 1:1.5:3 கலவைக்கு (சிமெண்ட், மணல், ஜல்லி) சிமெண்ட் ஐந்தரை மூட்டை போதும். அளவு சின்னது, விளைவு பெரியது. நான்கு 12 மில்லிமீட்டர் கம்பி, 150 மில்லிமீட்டருக்கு ஒரு வளையம். கம்பியோடு கம்பி ஒட்டும் இடத்தில் 600 மில்லிமீட்டர் மேற்கவிய வேண்டும். புதியவர்கள் தவறும் இடம் மூலை. நீளச் சுவரின் கம்பியையும் அகலச் சுவரின் கம்பியையும் மூலையில் வெட்டி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடத்திவிடுவார்கள். மேலே பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் அந்த மூலையில் பீமே இல்லாததற்குச் சமம். கம்பியை மூலையில் வளைத்து, அடுத்த பக்கத்தில் 600 மில்லிமீட்டர் ஓடவிட்டுக் கட்ட வேண்டும். கம்பி அடிப்பலகையைத் தொடாமல் 25 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கக் கவர் பிளாக் வைக்க வேண்டும். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்பது கணக்கு. மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். ஓடட்டும் என்று இன்னொரு குடம் ஊற்றினால் வேலை சுலபமாகும், பலம் போய்விடும். பக்கப்பலகையை மறுநாள் கழற்றலாம். ஜன்னல் மேலுள்ள பகுதியின் அடிப்பலகையையும் அதைத் தாங்கும் முட்டுக்கால்களையும் 14 நாள் விட்டுவைப்பது நல்லது.

எங்கள் கருத்தில், பிளாக் வீட்டில் கல் வைப்பதை வீட்டுக்காரர் செய்யலாம். கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றும் நாட்களுக்கு மட்டும் அனுபவமுள்ள கம்பி வேலைக்காரரையும் கொத்தனாரையும் கூப்பிடுவது, மொத்தச் செலவில் மிகப் பயனுள்ள கூலி.

மரச்சட்டகம்

38 × 89 மில்லிமீட்டர் சட்டங்களை 400 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்தி, அடியில் ஒரு படுக்கைச் சட்டம், தலையில் இரண்டு. இந்த வீட்டுக்கு மூலை, திறப்பு எல்லாம் சேர்த்து நிற்கும் சட்டம் சுமார் 80, படுக்கைச் சட்டம் 72 மீட்டர், 1.22 × 2.44 மீட்டர் பிளைவுட் அல்லது ஓஎஸ்பி (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய) பலகை 21 அல்லது 22.

இதன் பெரிய வசதி, சுவரைத் தரையில் படுக்கவைத்துச் செய்யலாம். மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து, சமமாகும்வரை தட்டிவிட்டுப் பலகை அடித்தால் சதுரம் அப்படியே நிற்கும். தப்பானால் ஆணியைப் பிடுங்கலாம், சட்டத்தை மாற்றலாம். நான்கு முறைகளில் இவ்வளவு திருத்த இடம் கொடுப்பது இது ஒன்றுதான். ஆறு மீட்டர்ச் சுவரைப் பலகையோடு சேர்த்துத் தூக்க இரண்டு பேரால் முடியாது. ஆள் குறைவு என்றால் இரண்டு துண்டாகச் செய்து நிறுத்தலாம். நிறுத்தியவுடன் சாய்வு முட்டு கொடுக்காமல் கையை எடுக்கக் கூடாது, சாதாரணக் காற்றே கவிழ்த்துவிடும்.

பலகை ஓரங்களில் 150 மில்லிமீட்டருக்கு ஓர் ஆணி, நடுச் சட்டங்களில் 300 மில்லிமீட்டருக்கு ஒன்று. பலகைக்கும் பலகைக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும். விடாவிட்டால் ஈரக்காற்றில் பலகை விரிந்து முட்டி வயிறு தள்ளும். சட்டத்தின் ஈரப்பதம் 19 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். பச்சை மரத்தில் அடித்தால் காயும்போது முறுக்கிக்கொண்டு ஆணியையே வெளியே தள்ளும். அடிச் சட்டம் மருந்தேற்றிய மரமாகவே இருக்க வேண்டும். 12 மில்லிமீட்டர் போல்ட்டை 1.8 மீட்டருக்கு மிகாத இடைவெளியில் அஸ்திவாரத்தில் பதித்து அதைப் பிடிக்க வேண்டும். வெளிநிலத்திலிருந்து மரம் 200 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். கரையான் மேலே ஏறும் மண்குழாய் கண்ணில் பட அந்த இடைவெளி வேண்டும்.

இங்கே ஆளைக் கவிழ்ப்பது தண்ணீர். சட்டகத்தில் நடக்கும் தப்பு அன்றே தெரியும். ஜன்னலோரத்தில் நடக்கும் தப்பு, பலகை உளுத்துக் கையோடு வரும்வரை தெரியாது. ஜன்னலைச் சுற்றி ஒட்டும் நீர்த்தடுப்புப் பட்டைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அடிப்பக்கம், அது இரண்டு ஓரமும் மேலே மடிந்திருக்க வேண்டும். அடுத்து ஜன்னல், பிறகு இரு பக்கப் பட்டை, கடைசியில் தலைப்பட்டை. சுவர் முழுதும் ஓடும் நீர்த்தடுப்புத் தாளின் மேல்மடிப்பு அந்தத் தலைப்பட்டைக்கு மேல் வந்து விழ வேண்டும். மேலிருந்து வழியும் நீர் எப்போதும் கீழ்ப்பட்டையின் மேல் ஏறிப் போகும்படி இருந்தால் போதும். ஒரே ஒரு இடத்தில் வரிசை மாறினாலும் தண்ணீர் பட்டைக்குப் பின்னால் நுழையும், வெளியேற வழி இருக்காது. ஜன்னலை வைத்த பிறகு அதன் கீழ் விளிம்பின் மேல் பட்டையோ சீலண்ட்டோ போட்டு அடைக்கவும் கூடாது. தப்பி நுழைந்த நீர் வெளியேறும் வாய் அதுதான்.

மின்குழாய்க்கு ஓட்டை போடுவது சுலபம். பாரம் தாங்கும் சட்டத்தில் அகலத்தில் 40 சதவீதத்துக்கு மேல், அதாவது 35 மில்லிமீட்டருக்கு மேல் துளைக்காமல் இருந்தால் சரி.

மண்மூட்டை

ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி 1980-களில் இதைப் பரவலாக அறியச் செய்தார். பாலிபுரொப்பிலீன் பையில் ஈரமண் நிரப்பி, வரிசையாகக் கிடத்தி, திமிசால் இடித்து, வரிக்கு வரி நடுவே இரண்டு இழை முள்கம்பி. இந்த வீட்டுக்குச் சுமார் 800 பை, 21 வரி, 850 மீட்டர் முள்கம்பி, தளர்வான மண் 24 கன மீட்டர்.

கைத்திறன் அதிகம் வேண்டாம் என்பது உண்மை. மண்ணில் சுமார் 30 சதவீதம் களி, மீதி மணல் இருந்தால் நல்லது. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டித் தோள் உயரத்திலிருந்து போட்டால், மூன்று நான்கு துண்டாக உடைய வேண்டும். சப்பையாக ஒட்டினால் ஈரம் அதிகம், பொடியானால் குறைவு. இடிக்கும்போது முதலில் மொத்தென்று கேட்கும் சத்தம் கணீரென்று மாறினால் அந்த மூட்டை இறுகிவிட்டது.

விளம்பரங்களில் சொல்லாத மூன்று விஷயங்கள் உண்டு. பை வெயிலில் சில வாரங்களிலேயே நலிய ஆரம்பிக்கும், ஏற்றிய சுவரை உடனுக்குடன் மூட வேண்டும். நேர்ச்சுவர் 3 மீட்டருக்கு மேல் போனால் முட்டுச்சுவரோ குறுக்குச்சுவரோ தேவை, ஆக 6 × 5 வீட்டில் எல்லாப் பக்கமும் அது வரும். வட்டமான சின்ன அறைக்குத்தான் இந்த முறை இயல்பாகப் பொருந்துகிறது. தலையில் கூரையைப் பிடிக்கக் கான்கிரீட் வளையபீம் இதற்கும் வேண்டும். கான்கிரீட்டுக்குப் பயந்து மண்மூட்டைக்குப் போகிறவர் கடைசியில் கான்கிரீட்டிடமே வந்து சேருகிறார். கதவு நிலையைத் திருகிப் பிடிக்க, மூட்டைகளுக்கு நடுவே மரத்துண்டு வைத்துக்கொண்டே வர வேண்டும். மறந்தால் பிறகு பிடிமானமே கிடைக்காது. பல இடங்களில் வரைபட அனுமதிக்குப் பொறியாளர் கையெழுத்தும் கேட்பார்கள். பத்துப் பேர் கைகொடுக்கத் தயாராக இருக்கும் இடத்தில் நல்ல முறை. தனி ஆளுக்கு முதுகொடிக்கும் முறை.

அழுத்திய மண்கல்

மண்ணோடு 5 சதவீதம் சிமெண்ட் கலந்து கைநெம்பு இயந்திரத்தில் அழுத்துவது. 1950-களில் கொலம்பியாவில் உருவான சின்வா-ராம் இயந்திரம் இதற்கு வழிகாட்டி. 290 மில்லிமீட்டர் தடிமன் சுவருக்குச் சுமார் 3,450 கல், 24 மூட்டை சிமெண்ட். சுவர் கட்டுவது பிளாக் போலத்தான், கல் சின்னது, கைக்கு இதம். இதில் கல் செய்வதே தனி வேலை. சிமெண்ட் கலந்த மண்ணை அரை மணி நேரத்துக்குள் அழுத்திவிட வேண்டும், முதல் வாரம் தார்ப்பாய் மூடி ஈரமாக வைத்து, மொத்தம் 28 நாள் விட வேண்டும். மண் பரிசோதனையைக் குறைத்துக்கொண்டவர் மூவாயிரம் கல்லையும் குறையோடு செய்து முடித்திருப்பார்.

எதைத் தேர்ந்தெடுப்பது

உலர்ந்த, மருந்தேற்றிய சட்டம் நம்பிக்கையாகக் கிடைத்தால், ஒன்றிரண்டு பேர் மட்டும் கட்டினால், மரச்சட்டகமே முதல் தேர்வு. தண்ணீர்த் தடுப்பில் காட்டும் பொறுமைதான் அதன் ஆயுள். கரையான் மிகுந்த, மழை ஓயாத இடத்தில், அல்லது நல்ல மரம் கிடைக்காத இடத்தில், ஹாலோ பிளாக். மண் முறைகள் இரண்டும் பகல் சுட்டு இரவு குளிரும் இடத்தில் வீட்டைச் சீராக வைத்திருக்கும். இரவிலும் புழுங்கும் இடத்தில், பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவில் உள்ளே விடும், அதற்காக இவ்வளவு உழைப்புப் போடுவது வீண்.

எதை எடுத்தாலும் முதல் வேலை ஒன்றே. நான்கு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டி, 6 × 5 மீட்டருக்கு இரண்டு மூலைவிட்டமும் 7.81 மீட்டர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அஸ்திவார மட்டத்தை டியூப் லெவலில் சரிபார்க்க வேண்டும். நீர் நிரப்பிய குழாயில் காற்றுக்குமிழ் ஒன்று தங்கினாலும் மட்டம் பொய் சொல்லும், குழாயை உயர்த்திப் பிடித்துக் குமிழை வெளியேற்றிய பிறகே அளக்க வேண்டும். இதைச் சரியாகச் செய்யாமல் ஏற்றிய எந்தச் சுவரையும் கூரை போடும்போதுதான் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால், தேர்ந்தெடுக்கும் முறையில் ஒரு கருவி அறையை முதலில் கட்டிப் பாருங்கள். 2 × 2 மீட்டர், ஒரு கதவு, ஒரு ஜன்னல், தலையில் பீமும் கூரையும். வீட்டில் வரும் எல்லா மூட்டும் அதில் ஒருமுறை வந்துவிடும். ஒரு மழைக்காலம் விட்டு ஜன்னலடியையும் மூலைகளையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் பொருள் ஆர்டர் கொடுக்கலாம். அந்த அறை வீடு கட்டும்போது சிமெண்ட் மூட்டை நனையாமல் வைக்கவும் ஆகும்.