முதல் ஒற்றைச்சக்கர சைக்கிள்: 20 அங்குலமா, 24 அங்குலமா, ஒட்டுவேலையா?

மட்டக்களப்பு மேடு பள்ளமில்லாத ஊர். சைக்கிள் ஓடத் தெரியாதவர் குறைவு. அதை நம்பி ஒற்றைச்சக்கரத்தில் ஏற வேண்டாம். அதில் கைபிடி இல்லை, சங்கிலி இல்லை, மிதிக்காமல் உருளவும் வழியில்லை. மிதி ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரு சுற்று. கால் நின்றால் சக்கரம் நிற்கும். ஆள் மட்டும் தொடர்ந்து போவார்.

20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.6 மீட்டர் நகரும். 24 அங்குலம் 1.9 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதலாவது மணிக்கு ஆறு கிலோமீட்டரைக்கூட எட்டாது. விரைந்து நடப்பவர் பேசிக்கொண்டே கூட வரலாம். இரண்டாவது ஏழைத் தொடும். கல்லடியிலிருந்து ஆரையம்பதி வரை போக ஆசைப்படுபவருக்கு 24 பிடிக்கும். ஆனால் பழகும் காலத்தில் சாய்வைச் சட்டென்று திருத்த விடுவது சிறிய சக்கரம்தான். உயரமானவர்கள் நீளமான இருக்கைத் தண்டு வாங்கினால் போதும்.

20ஐ நான் விரும்ப இன்னொரு காரணம், அதன் டயரும் டியூபும் சிறுவர்களின் பீ.எம்.எக்ஸ் சைக்கிளுக்கு உரியவைதான். காத்தான்குடியிலோ கல்முனையிலோ நல்ல சைக்கிள் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

பழைய சைக்கிளை வெட்டி ஒட்டித் தருவதாக வெல்டிங் கடையில் சொல்வார்கள். செலவு குறையும், அதோடு சரி. சாதாரணச் சைக்கிளில் அச்சு அசையாமல் இருக்க, சக்கரத்தின் நடுப்பகுதியான குடம் அதைச் சுற்றிச் சுழலும். ஒற்றைச்சக்கரத்தில் அச்சும் குடமும் ஒரே துண்டாகச் சுழலும். மிதிகளைத் தாங்கும் மிதிதண்டுகள் அந்த அச்சின் முனைகளிலேயே பூட்டப்பட்டிருக்கும். காலின் முழு விசையும், முன்னோக்கியும் பின்னோக்கியும் மாறி மாறி, அச்சையும் குடத்தையும் சேர்க்கும் ஒட்டில்தான் விழும். அதைவிட ஒருவர் ஓடிப் பழகி விற்கும் வண்டி மேல். வாங்குமுன் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து மிதிதண்டை ஆட்டிப் பாருங்கள். ஆடினால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

பழகுவதற்கு மதில், நண்பர் தோள், விறாந்தையின் அரைச்சுவர் என மூன்று துணைகள் உண்டு. மதிலைத் தள்ளலாமே தவிரப் பிடிக்க முடியாது. தோள் நல்லது, ஆனால் நண்பர் தானும் நகர்ந்து உங்கள் பிழையை மறைத்துவிடுவார். அரைச்சுவர் நகராது, பிடிக்கவும் விடவும் தோதானது. உடல் பாரம் இருக்கையில் இருக்க வேண்டும். மிதியில் ஏறி நின்றால் சக்கரம் நழுவும். பார்வை தூரத்தில் இருக்கட்டும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையே உத்தமம். பக்கத்திலிருந்து வரும் ஒரு வீச்சே புதியவரைச் சாய்க்கும். கடற்கரைப் பக்கம் போகவே வேண்டாம். மணலில் சக்கரம் புதையும், உப்புக்காற்றில் ஆணிகள் துருப்பிடிக்கும்.

பெட்டியில் வந்த வண்டியைப் பூட்டும்போது இடம் வலம் பாருங்கள். இடப்பக்க மிதியின் திருகுப் புரி எதிர்த் திசையில் வெட்டப்பட்டது. இருக்கையை முன்பின்னாகப் போட்டுவிட்டால் இரண்டு மிதிகளும் பக்கம் மாறி, ஓட ஓடக் கழன்று, மிதிதண்டின் புரியைத் தின்றுவிடும். டயரைப் போல அந்தத் தண்டை நம்மூர்க் கடையில் வாங்க முடியாது.