லொறி கேமில் கார் ஓட்டப் பழகலாமா?

எல் போர்ட் போட்டுக்கொண்டு கொழும்பின் காலி வீதியில் இறங்குவதற்கு முன் வீட்டில் பழக ஒரு கேம் வேண்டுமென்றால், கார் பந்தயக் கேம்களை விட்டுவிடுங்கள். பிரேக்கைக் கடைசி நொடியில் பிடிப்பதைத்தான் அவை திறமை என்று பழக்கும். எங்கள் தெரிவு 2012இல் வெளிவந்த ‘யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2’ என்ற லொறி ஓட்டும் கணினிக் கேம். சிவப்பு விளக்கைத் தாண்டினால், வேகம் கூடினால், இருட்டில் லைட் போடாமல் போனால் உடனே தண்டம்.

தொடங்கும்போது கேட்கும் நகரத்துக்கு லண்டன், கார்டிஃப் போன்ற பிரித்தானிய நகரம் ஒன்றைக் கொடுங்கள். அங்கே நம்மைப் போலவே இடப்பக்க ஓட்டம். சுற்றுவட்டத்தில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். லிப்டன் சுற்றுவட்டத்தில் செய்ய வேண்டியதும் அதுதான். சொந்த லொறி வாங்கும்போது உட்புறத்தில் யூகே வகையைத் தெரிவுசெய்தால்தான் ஸ்டியரிங் வலப்பக்கம் வரும். அதற்குக் கேமுக்குள் கொஞ்சம் உழைக்க வேண்டும், அல்லது கேமின் வங்கியில் கடன் எடுக்கலாம்!

கீபோர்டில் ஓட்டினால் ஒரு பயனும் இல்லை. லொஜிடெக் ஜி29 என்ற ஸ்டியரிங்-பெடல் தொகுதி போதும்: ஸ்டியரிங் 900 பாகை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டரைச் சுற்று, கிளச்சோடு மூன்று பெடல். கியர் லீவர் தனியாக வாங்க வேண்டும். ஸ்டியரிங்குக்கு உள்ளே பற்சக்கரம் என்பதால் கேமில் கரடுமுரடான இடத்தில் கடகடக்கும், அது பழுதல்ல. மின்சாரம் கொடுத்ததும் ஸ்டியரிங் தானாக இரு பக்கமும் சுழன்று நடுவுக்கு வரும். அதுவரை கை வைக்காதீர்கள். பிறகு மூன்று பெடலையும் ஒருமுறை முழுதாக மிதித்து விடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மிதிக்காத பெடலும் பாதி மிதித்ததாகவே பதிவாகும், லொறி தானாக நகரும். அப்படியும் ஆக்சிலேட்டர் தலைகீழாக வேலை செய்தால் கேமின் அமைப்பில் அந்தப் பெடலின் அச்சை (axis) எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடுங்கள்.

இங்கே அதிகம் சிக்கல் தருவது தரை. டைல்ஸில் பெடல் பலகை வழுக்கும், அதுவும் பிரேக்குக்குள் ரப்பர் இருப்பதால் அழுத்தி மிதிக்கும்போது முன்னால் ஓடிவிடும். பலகையைச் சுவரோடு முட்டவைத்து, சக்கரமில்லாத நாற்காலியில் இருங்கள். சக்கர நாற்காலியில் கிளச்சை மிதித்தால் நீங்கள்தான் பின்னால் போவீர்கள்.

கண்ணாடி பார்ப்பது, சிக்னல் போடும் நேரம், லேனின் நடுவில் நிற்பது, முன்வண்டியிலிருந்து இடைவெளி: இவை நன்றாகவே கைக்கு வரும். திரையின் மூலையில் மிதக்கும் கண்ணாடிகளை எஃப்2 அழுத்தி அணைத்துவிடுங்கள், அப்போதுதான் கதவுக் கண்ணாடியை நோக்கித் தலை திரும்பும்.

கிளச் வராது. எஞ்சின் பிடிக்கும் புள்ளியைப் பாதத்தில் வரும் அதிர்வை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். இந்தப் பெடலில் இருப்பது வெறும் ஸ்பிரிங். கியரை எங்கே தள்ளுவது என்ற ஒழுங்கு மட்டும் பழகும், ஏற்றத்தில் பின்னால் உருளாமல் எடுப்பது பழகாது. ட்ரெய்லரோடு நிறைய ஓடினால் ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்: திருப்பங்களில் அகலமாகப் போவது. பின்சக்கரம் உள்ளே வெட்டும் என்பதால் லொறிக்கு அது சரி. காரில் அப்படிப் போனால் விட்ட இடைவெளிக்குள் இடப்பக்கமாக ஒரு ஓட்டோ வந்து நிற்கும். அந்த ஓட்டோவும், பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடும் ஆளும் இந்தக் கேமில் இல்லை. கார் பழகுபவர்கள் ட்ரெய்லர் இல்லாமல் வெறும் லொறியையே நகரத்துக்குள் ஓட்டட்டும்.

நாளாக ஆக்சிலேட்டர் துடிக்கத் தொடங்கினால் உள்ளே பெடல் எவ்வளவு மிதிபட்டது என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்திருக்கும். இணைப்பைக் கழற்றி, கொன்டாக்ட் கிளீனர் (மின் பாகங்களைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்து, பலமுறை மிதித்து, காயவிட்டுப் பூட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.